தாத்தாவின் பட்டாள வாழ்க்கையைத் தேடி எடுப்பது எப்படி: பெங்களூருத் தமிழ்க் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

அல்சூர், மர்ஃபி டவுன், சிவாஜிநகர், காக்ஸ் டவுன் பக்கம் எந்தத் தமிழ் வீட்டில் உட்கார்ந்தாலும் "எங்க தாத்தா மிலிட்டரி" என்று ஒரு பேச்சு வரும். எந்தப் பிரிவு, எந்த வருஷம் சேர்ந்தார் என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

தேடக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நேராக ரெக்கார்ட் ஆபீசுக்கு (ஒவ்வொரு ராணுவப் பிரிவின் ஆட்பதிவுகளையும் வைத்திருக்கும் அலுவலகம்) கடிதம் போடுகிறார்கள். முனுசாமி என்ற பெயரில் பட்டாளத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பட்டாளத்துக்கு முதலில் எண், அப்புறம் பிரிவு, அப்புறம் காலம். பெயர் கடைசியில்தான். கீழே உள்ள வரிசையும் அதை ஒட்டியே போகிறது. நானே தாண்டச் சொல்லும் இடம் தவிர, நடுவில் எதையும் தாண்டாதீர்கள்.

1. ஒரு தாளில் ஐந்து விவரம்

எண், பதவி, பிரிவு, சேர்ந்து விலகிய காலம், அப்பா பெயருடன் சொந்த ஊர். இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து தெரிந்தது என்று குறியுங்கள்: காகிதத்தில் இருந்ததா, யாராவது சொன்னதா?

இந்தக் குறிப்பு இல்லாவிட்டால், சித்தப்பா ஊகமாகச் சொன்ன "பர்மா" ஆறு மாதத்தில் உங்கள் மனசில் ஆவணமாகிவிடும். பிறகு அதற்குப் பொருந்தாத உண்மையான பதிவு கிடைத்தாலும் "இது நம்ம தாத்தா இல்லை" என்று ஒதுக்கிவிடுவீர்கள்.

2. வீட்டுக்குள் தேடுங்கள்

டிரங்க் பெட்டி, சாமி அலமாரியின் மேல்தட்டு, ஊரில் இருக்கும் மூத்த அத்தை வீடு என்று எல்லா இடமும் பாருங்கள். தேட வேண்டியவை இவை: டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் அல்லது டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் புக், பி.பி.ஓ. எனப்படும் பென்ஷன் ஆணை, பதக்கம், சீருடைப் போட்டோ, பழைய கடித உறை, முன்னாள் ராணுவத்தினர் என்ற முறையில் கிடைத்த நிலத்தின் ஒப்படைப்பு ஆணை, பிள்ளைகளின் பள்ளிச் சலுகைச் சான்று.

டிஸ்சார்ஜ் புக் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எண், சேர்ந்த தேதி, விலகிய தேதி, கிராமம், தாலுகா, ஜில்லா, பதக்கங்கள் எல்லாம் அதில் இருக்கும். ஊர்ப் பெயர் எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ, அப்படியே பார்த்து எழுதுங்கள். நீங்கள் திருத்தி எழுதினால் அடுத்த தேடலில் பொருந்தாது.

பாட்டி உயிரோடு இருந்து குடும்பப் பென்ஷன் வாங்கினால் முதலில் ராணுவப் பென்ஷனுக்கான 'ஸ்பார்ஷ்' இணையதளத்தில் அவர் கணக்கைப் பாருங்கள். அங்குள்ள பென்ஷன் ஆணையில் எண், பதவி, ரெக்கார்ட் ஆபீஸ் ஆகியவை கிடைக்கும். பலர் இதை விட்டுவிட்டு லண்டன் ஆவணக் காப்பகத்தைத் துழாவிக்கொண்டிருப்பார்கள்.

கடித உறையில் '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' என்று இருந்தால் அதை ஊர் என்று எண்ணி மேப்பில் தேட வேண்டாம். அது ராணுவ அஞ்சல் முகவரி. அதற்கு மேல் வரியில் உள்ள யூனிட் பெயர்தான் உங்களுக்கு வேண்டியது.

பெரியவர்களிடம் "எந்த ரெஜிமென்ட்?" என்று கேட்டால் பதில் வராது. "லீவு முடிஞ்சு எந்த ஊருக்கு ரயில் ஏறுவார்? மணியார்டர் எங்கிருந்து வரும்? குவார்ட்டர்ஸில் நீங்க இருந்த ஊர் எது?" என்று கேளுங்கள். வெலிங்டன் என்றால் ஒரு திசை, ஜபல்பூர் என்றால் வேறு திசை (எந்த ஊர் எந்தப் பிரிவு என்பது 7-ம் படியில்).

3. பதக்கத்தின் விளிம்பைப் படியுங்கள்

புதிதாகத் தேடுபவர்கள் பதக்கத்தின் முகப்பையே பார்ப்பார்கள். விஷயம் விளிம்பில் இருக்கிறது. முதல் உலகப் போரின் வட்டப் பதக்கங்களில் எண், பதவி, பெயர், பிரிவு விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரப் பதக்கங்களைப் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். இந்திய வீரர்களுக்குப் பொறித்துக் கொடுத்தார்கள். நட்சத்திரத்துக்கு விளிம்பு கிடையாது, பின்பக்கத்தைப் பாருங்கள்.

பிராசோ போட்டுத் தேய்க்காதீர்கள். ஏற்கெனவே மங்கிய எண் முழுதாகப் போய்விடும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து மொபைலில் குளோசப் எடுத்தால் போதும்.

எந்தப் பதக்கம் என்பதும் ஒரு விவரம். 1914-18 போர்ப் பதக்கம் வெள்ளியில் இருந்தால் போர்வீரர்; வெண்கலத்தில் இருந்தால் பெரும்பாலும் சமையல், சுமை, கூலிப்படை போன்ற பணிகளில் இருந்தவர். இவர்களைப் பதிவுகளில் 'ஃபாலோயர்' என்று எழுதியிருப்பார்கள். பர்மா ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார் ஆகியவை போர்முனையைச் சொல்லிவிடும். இந்தியா சர்வீஸ் மெடல் என்பது போரின்போது இந்தியாவிலேயே மூன்று வருஷமாவது பணியாற்றியவர்களுக்கு. சமர் சேவா ஸ்டார் 1965 போருக்கு. பூர்வி, பஷ்சிமி ஸ்டார்கள் 1971 போருக்கு, முறையே கிழக்கு, மேற்கு முனைகளில் இருந்தவர்களுக்கு.

உள்ளங்கையைவிடப் பெரிய வட்டமான வெண்கலத் தகடு ஒன்று இருந்து, அதில் பெயர் மட்டும் பதவி இல்லாமல் இருந்தால் அது பதக்கம் அல்ல. முதல் உலகப் போரில் இறந்தவரின் குடும்பத்துக்குக் கொடுத்த நினைவுத் தகடு. அப்படியானால் நேராக 6-ம் படிக்குப் போகலாம்.

4. போட்டோவில் பதவி

கையில் ஒரு பட்டை லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். இதில் குழப்பம் குறைவு. குழப்பம் தோளில்தான். சுதந்திரத்துக்கு முன் ஜமேதாருக்கு ஒரு நட்சத்திரம், சுபேதாருக்கு இரண்டு. ஆங்கிலேய அதிகாரிகளில் செகண்ட் லெப்டினன்ட், லெப்டினன்ட் ஆகியோருக்கும் அதே கணக்கு. "தாத்தா லெப்டினன்ட்" என்று சொல்லும் பல வீடுகளில் தாத்தா சுபேதாராக இருந்திருப்பார். அதிகாரிகளின் பதிவு வேறு இடம், சுபேதாரின் பதிவு வேறு இடம் என்பதால் இதை இப்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இன்றைய நாயப் சுபேதார்தான் அன்றைய ஜமேதார்.

பதவிப் பெயரே பிரிவைக் காட்டிவிடும் இடங்களும் உண்டு. சேப்பர் என்றால் இன்ஜினியர் பிரிவு. கன்னர் பீரங்கிப்படை, சிக்னல்மேன் சிக்னல்ஸ், கிராஃப்ட்ஸ்மேன் இ.எம்.இ. (இயந்திர, மின் பொறியியல் பிரிவு), சிப்பாய் பெரும்பாலும் காலாட்படை, சவார் குதிரைப்படை.

போட்டோவின் பின்பக்கத்தில் ஸ்டுடியோ முத்திரை இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் ஆள் எந்த ஊரில் இருந்தார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம்.

5. பிரிவின் பெயரைக் காலத்தோடு பொருத்துங்கள்

அவசரப்படாமல் நேரம் ஒதுக்க வேண்டிய படி இது. ஒரே பிரிவு காலத்துக்குக் காலம் பெயர் மாறியிருக்கிறது. இன்றைய பெயரில் தேடினால் அன்றைய பதிவு வராது.

நம் ஊர் எம்.இ.ஜி.யையே (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், அதாவது மெட்ராஸ் சேப்பர்ஸ்) எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போரின்போது அதன் பெயர் '2-வது குயின் விக்டோரியாஸ் ஓன் சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்'. பெயரில் 'மெட்ராஸ்' கிடையாது! 1923-ல்தான் 'குயின் விக்டோரியாஸ் ஓன் மெட்ராஸ் சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்' ஆனது. 1914-18 காலத்துப் பதிவுகளில் 'மெட்ராஸ்' என்று போட்டுத் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்று விட்டவர்கள் நிறைய.

காலாட்படையில் சிக்கல் இன்னும் அதிகம். முதல் போரில் 'மெட்ராஸ் ரெஜிமென்ட்' என்ற பெயரே இல்லை. 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி, 73-வது கர்நாட்டிக் இன்ஃபன்ட்ரி, 83-வது வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி என்று எண்ணும் பெயருமாக இருந்தன. 1922 மறுசீரமைப்பில் இவற்றில் 73-வதும் 83-வதும் 3-வது மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்குள் வந்தன. இரண்டு போர்களுக்கும் இடையே அதன் நிரந்தரப் பட்டாளங்கள் கலைக்கப்பட்டு, இரண்டாம் போரின்போது மறுபடி எழுப்பப்பட்டன. அதனால் "1935-ல் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்தார்" என்று யாராவது சொன்னால் சேப்பர்ஸையும் சேர்த்துச் சரிபாருங்கள்.

'பயனியர்' (பாதை அமைப்பது போன்ற வேலை செய்யும் படைவீரர்) என்ற சொல்லில் இன்னொரு பொறி இருக்கிறது. 61, 64, 81 என்ற எண்கள் கொண்ட மெட்ராஸ் பயனியர் பட்டாளங்கள் 1933-ல் கலைக்கப்பட்டன. பிரிகேட் ரோடும் ரெசிடென்சி ரோடும் சேரும் இடத்தில் உள்ள போர் நினைவுச் சின்னம் அவர்களோடு தொடர்புடையது. இரண்டாம் போரில் உருவான இந்தியன் பயனியர் கோர் வேறு. அதன் வழிவந்த இன்றைய பயனியர் கோர் மையமும் பெங்களூரில்தான் இருக்கிறது. 1916-ல் சேர்ந்த பயனியருக்கு இந்த மையத்தில் பதில் எதிர்பார்க்க முடியாது.

சுருக்கப் பெயர்களும் மாறியிருக்கின்றன. ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. இன்றைய ஏ.எஸ்.சி. (உணவு, போக்குவரத்துப் பிரிவு); ஐ.ஏ.எம்.சி. இன்றைய ஏ.எம்.சி. (மருத்துவப் பிரிவு); ஐ.ஏ.ஓ.சி. இன்றைய ஏ.ஓ.சி. (தளவாடப் பிரிவு).

தண்டு (கன்டோன்மென்ட்) பகுதிக் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு. 1947 வரை கன்டோன்மென்ட் பகுதி 'சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்' என்ற பெயரில் பிரிட்டிஷ் ரெசிடென்ட்டின் கீழ் இருந்தது, பேட்டை (பழைய நகரம்) மைசூர் அரசின் கீழ் இருந்தது. முகவரியில் 'சி அண்ட் எம் ஸ்டேஷன்' என்று இருந்தால் மைசூர் அரசுப் பதிவில் தேட வேண்டாம். ஆனால் 1918-ல் ஹைஃபாவில் சண்டையிட்ட மைசூர் லான்சர்ஸில் இருந்தவர் என்றால் அது மகாராஜாவின் படை. அப்போது கர்நாடக மாநில ஆவணக் காப்பகம் பக்கம்தான் போக வேண்டும்.

6. போரில் இறந்தவரா? காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தில் தொடங்குங்கள்

இந்த ஆணையத்தின் தளத்தில் தேட காசு வேண்டாம். 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையும், 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையும் பணியில் இருந்தபோது இறந்தவர்கள் அதில் இருப்பார்கள். குண்டடி பட்டுத்தான் இறந்திருக்க வேண்டும் என்பதில்லை, காலராவில் போனவரும் இருப்பார். ஃபாலோயர்களும் இருப்பார்கள். உயிரோடு திரும்பியவர் இருக்க மாட்டார். இதைக் கவனிக்காமல் திரும்பி வந்த தாத்தாவை அங்கே தேடுபவர்கள் கணிசம்.

பெயரில் தொடங்காதீர்கள். படை 'இந்தியன்', பிரிவின் பெயர், வருஷம் ஆகியவற்றைப் போட்டு வடிகட்டி, முழுப் பட்டியலையும் எக்செல் கோப்பாக இறக்குங்கள். பிறகு கூடுதல் விவரம் உள்ள பத்தியில் ஊர்ப் பெயரின் துண்டைத் தேடுங்கள். பல பதிவுகளில் "இன்னாரின் மகன், இந்தக் கிராமம், இந்த ஜில்லா" என்று இருக்கும்.

ஏன் இந்தச் சுற்றுவழி என்றால் எழுத்துக்கூட்டல். 'சாமி' என்பதை எஸ்-ஏ-எம்-ஒய், எஸ்-டபிள்யூ-ஏ-எம்-ஒய், எஸ்-ஏ-டபிள்யூ-எம்-ஒய் என்று மூன்று விதமாகவும் எழுதியிருப்பார்கள். 'முனு'வில் யூ வரலாம், டபுள் ஓ வரலாம். 1944 பிப்ரவரியில் இத்தாலியில் கண்ணிவெடி மேல் விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றி ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய வீர விருது பெற்ற மெட்ராஸ் சேப்பர்ஸ் சுபேதார் சுப்ரமணியனின் பெயரையே புத்தகத்துக்குப் புத்தகம் வேறு வேறாக எழுதுகிறார்கள். அவ்வளவு பெயர் பெற்றவருக்கே அப்படி. நம் வீட்டு சேப்பருக்குக் கேட்கவே வேண்டாம்.

ஜில்லாவின் பெயரும் அந்தக் காலத்துடையது. இன்றைய வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எல்லாம் அப்போது வட ஆற்காடு. தர்மபுரி, கிருஷ்ணகிரி அப்போது சேலம்.

கிடைத்த பதிவில் 'பாஸ்ரா நினைவுச் சின்னம்' (ஈராக்கில் உள்ளது) என்று இருந்தால் அங்கே பெயர் செதுக்கியிருப்பார்கள் என்று நம்பிவிடாதீர்கள். அங்கே இந்தியப் பிரிவுகளில் அதிகாரிகளின் பெயர் மட்டும் உண்டு. மற்றவர்களுக்குப் பிரிவின் கீழ் எண்ணிக்கை மட்டும் போட்டார்கள். பெயர்கள் தனிப் பதிவேட்டில் இருக்கின்றன.

1947-க்குப் பிறகு இறந்தவர் என்றால் டெல்லி தேசியப் போர் நினைவிடத்தின் தளத்தில் பெயர் தேடலாம்.

7. ரெக்கார்ட் ஆபீசுக்குக் கடிதம்

எண்ணும் பிரிவும் கையில் வந்த பிறகே இந்தப் படி. மெட்ராஸ் சேப்பர்ஸ் என்றால் பெங்களூரிலுள்ள எம்.இ.ஜி. ரெக்கார்ட்ஸ். மெட்ராஸ் ரெஜிமென்ட் வெலிங்டன். சிக்னல்ஸ் ஜபல்பூர், பீரங்கிப்படை நாசிக் ரோடு, இ.எம்.இ.யும் ஏ.ஓ.சி.யும் செகந்திராபாத், ஏ.எம்.சி. லக்னோ. கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்குர்டில் உள்ள பீரோ ஆஃப் செய்லர்ஸ். விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க்கில் உள்ள ரெக்கார்ட் ஆபீஸ்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய எண் என்றால் அதுவே பிரிவைச் சொல்லும். 13 என்று தொடங்கும் ஏழு இலக்கம் எம்.இ.ஜி., 25 என்றால் மெட்ராஸ் ரெஜிமென்ட். 'ஜே.சி.' என்று தொடங்கினால் அது நாயப் சுபேதார் ஆன பிறகு கொடுத்த புது எண். அதற்கு முந்தைய சிப்பாய் எண்ணையும் கண்டுபிடித்து இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் பாதி சர்வீஸ்தான் கண்ணில் படும்.

இப்போது முக்கியமான விஷயம். ஆளின் முழு சர்வீஸ் ஃபைலுக்கு 'ஷீட் ரோல்' என்று பெயர். பென்ஷன் இல்லாமல் விலகியவர்களின் ஃபைலை 25 வருஷம் வைத்திருந்து அழித்துவிடுவது ராணுவ விதி. போர் முடிந்ததும் 1946-ல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட தாத்தாவின் ஷீட் ரோலைக் கேட்டால் "விதிப்படி அழிக்கப்பட்டது" என்று பதில் வரும். அத்தோடு பலர் தேடலை மூடிவிடுகிறார்கள். ஆனால் 'லாங் ரோல்' என்ற பதிவேட்டை அழிப்பதில்லை. ஒரு ஆளுக்குச் சில வரிகள்தான்: எண், பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, காரணம். கடிதத்தில் "ஷீட் ரோல் இருந்தால் அதன் நகல், இல்லையென்றால் லாங் ரோல் பதிவின் விவரம்" என்று இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். "எல்லாத் தகவலும் தேவை" என்று எழுதாதீர்கள். எல்லாம் என்று கேட்டால் எந்த கிளர்க்கும் எந்தப் பதிவேட்டையும் திறக்க மாட்டார்.

கடிதம் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் அல்லது இந்தியில். மேலே பொருள் வரியிலேயே எண், பதவி, பெயர், பிரிவு. அடுத்து அப்பா பெயர், கிராமம், தாலுகா, ஜில்லா. அடுத்து கேட்பது என்ன என்று இரண்டே வரி. கடைசியில் நீங்கள் அவருக்கு என்ன உறவு. தாத்தாவின் பட்டாளப் புகழைப் பற்றிய பத்தி வேண்டாம். எண் அதற்குள் புதைந்துவிடும்.

இணைப்புகள்: இறப்புச் சான்று, உறவுச் சான்று, உங்கள் ஆதார் நகல். கர்நாடகத்தில் உறவைக் காட்ட 'நாட கச்சேரி' எனப்படும் உள்ளூர் வருவாய் அலுவலகத்தில் வாங்கும் வம்சவிருட்சச் (குடும்ப மரம்) சான்று நன்றாக உதவும். குடும்பம் தமிழ்நாட்டில் பதிவாகியிருந்தால் தாலுகா ஆபீசின் வாரிசுச் சான்று. இவை இல்லாமல் அனுப்பினால் "மூன்றாம் நபர் தகவல்" என்று திரும்பி வரும். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த படிக்கு அது வேண்டும்.

8. பதில் வராவிட்டால் ஆர்.டி.ஐ.

ஆர்.டி.ஐ. என்பது தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி போடும் மனு. இதையே முதல் படியாக்க வேண்டாம். எண் இல்லாமல் போட்ட ஆர்.டி.ஐ.க்கு "தகவல் இல்லை" என்ற பதில் சட்டப்படி சரியான பதில்தான். அதற்கு மேல் முறையிடவும் பிடி இருக்காது.

கட்டணம் 10 ரூபாய். மத்திய அரசின் ஆர்.டி.ஐ. தளத்தில் இந்திய ராணுவத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்பலாம். பதில் தர 30 நாள். வந்த பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. முன்பு அனுப்பிய கடிதத்தின் தேதியையும் ஸ்பீட் போஸ்ட் எண்ணையும் குறிப்பிடுங்கள். "லாங் ரோலில் இந்த எண்ணுக்கு எதிரே உள்ள பதிவின் நகல்" என்று ஒரே ஒரு பதிவைக் கேட்பது பத்துக் கேள்வி கேட்பதைவிட நன்றாக வேலை செய்யும்.

9. சொந்த ஊரில் பார்க்க வேண்டியவை

பெங்களூரில் மூன்று தலைமுறையாக இருந்தாலும், பட்டாளத்தில் சேரும்போது கொடுத்த முகவரி பெரும்பாலும் ஆம்பூர், குடியாத்தம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமமாக இருக்கும். அங்கே பழைய பள்ளிக்கூடம், சாவடி, தாலுகா ஆபீஸ் சுவர்களைப் பாருங்கள். "இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும்போருக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தனர்" என்று ஆங்கிலக் கல்வெட்டு பல ஊர்களில் உண்டு. பெயர் இருக்காது. ஆனாலும் எண்ணிக்கை இரண்டு மூன்று என்றால், 6-ம் படியில் இறக்கிய பட்டியலோடு ஒப்பிடுவது எளிது.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையும் விடாதீர்கள். பென்ஷன் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரருக்கோ அவர் மனைவிக்கோ மாத உதவித்தொகை வந்திருந்தால் அங்கே அவர் எண் பதிவாகியிருக்கும். பெங்களூரில் இதற்கான துறை ஃபீல்டு மார்ஷல் கரியப்பா பவனில் இருக்கிறது.

10. ஆள் கிடைத்த பிறகு யூனிட்டைத் தேடுங்கள்

சிப்பாயின் பெயர் போர் டைரிகளில் (போரின்போது யூனிட் எழுதிவைத்த நாட்குறிப்பு) அரிதாகத்தான் வரும். ஆனால் கம்பெனி எண் தெரிந்தால் அந்தக் கம்பெனி எந்த நாளில் எங்கே பாலம் கட்டியது, எப்போது கப்பல் ஏறியது என்பது கிடைக்கும். முதல் போர் டைரிகள் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 95 என்ற வரிசையில் உள்ளன. இரண்டாம் போருக்கு இத்தாலி என்றால் 170, பர்மா என்றால் 172. இந்தியாவில் டெல்லி ஜன்பத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பட்டியலை 'அபிலேக் படல்' தளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். மலேயாவில் ஐ.என்.ஏ.வில் (இந்திய தேசிய ராணுவம்) சேர்ந்த தமிழர்களைத் தேடுபவர்களும் இங்கேதான் தொடங்க வேண்டும். பழைய ரெஜிமென்ட்டின் பதிவு பாதிக் கதைதான் சொல்லும்.

முதல் போரில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வீரர்களின் பதிவேடு ஆன்லைனில் வந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி உண்மைதான். ஆனால் அது பஞ்சாப் வீரர்களுக்கான லாகூர் பதிவேடு. நம் ஆட்கள் அதில் இல்லை.

11. குடும்பக் கதையும் பதிவும் முட்டினால்

இது கட்டாயம் நடக்கும். வீட்டில் பர்மா என்பார்கள். பெட்டியில் இந்தியா சர்வீஸ் மெடல் இருக்கும், பர்மா ஸ்டார் இருக்காது. உடனே கதை பொய் என்று முடிவு கட்டாதீர்கள், பதக்கம் தொலைந்திருக்கலாம். உடனே கதைதான் சரி என்றும் சாதிக்காதீர்கள். லாங் ரோல் தேதி, பதக்கம், கம்பெனி டைரி ஆகிய மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் அதைக் குடும்ப வரலாற்றில் எழுதுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் "சொல்லக் கேட்டது" என்று குறித்து, சொன்னவர் பெயரையும் தேதியையும் பக்கத்தில் போடுங்கள்.

ஒரே பெயர், ஒரே ஜில்லா, ஒரே பிரிவு என்று இரண்டு பேர் வந்தால் அப்பா பெயர் பொருந்தும்வரை இருவரையும் தாளில் வைத்திருங்கள். அப்பா பெயரும் ஒன்றாக இருந்தால் கிராமத்தைப் பாருங்கள். கிராமமும் ஒன்றே என்றால் அவர்கள் பங்காளிகளாக இருக்கலாம். ஊருக்குப் போய் மற்றவரின் பேரப்பிள்ளைகளைக் கண்டுபிடியுங்கள், உங்களுக்குக் கிடைக்காத டிஸ்சார்ஜ் புக் அவர்கள் வீட்டில் இருக்கக்கூடும்.